பூட்டிய பெட்டியும் பொய்ச் சான்றும்

ஆராய்ச்சி என்னும் பெரும்பணி நம்பிக்கையின் மேல் நடப்பது. ஒருவர் அளந்து எழுதிய அளவையும் கண்டெடுத்த பொருளையும் மற்றொருவர் மெய்யென ஏற்று, அங்கிருந்து தம் ஆய்வைத் தொடங்குகின்றார். எல்லாவற்றையும் எல்லோரும் மறுபடியும் சோதித்துக் கொண்டிருத்தல் இயலாது. ஆனால், சான்றைக் காண வேண்டிய இடத்தில் நம்பிக்கையை மட்டுமே வைத்தால் என்ன நேரும்? அறிஞர் பலரை 41 ஆண்டுகள் மயக்கிய ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை ஆராய்வோம். பெற்றோர் மேல்வகுப்புப் பிள்ளைகளுடன் சேர்ந்து இதனைப் படித்தல் நலம்.

கண்டெடுத்த கதை

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பில்ட்டவுன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்த சரளைக் குழியில் மிகப் பழைய மனித மண்டையோட்டுத் துண்டுகள் கிடைத்தன என்றார், சார்லஸ் டாசன் என்ற வழக்கறிஞர். அவர் பழம்பொருள் தேடுவதில் நாட்டம் மிக்கவர். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நில இயல் காப்பாளராக விளங்கிய ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் அவருடன் சேர்ந்து தோண்டினார். 1912 டிசம்பர் 18ஆம் நாள், லண்டன் நில இயற் கழகத்தில் இருவரும் தம் கண்டுபிடிப்பை அறிவித்தனர். மண்டையோடு மனிதனுடையதாகவும், தாடை குரங்கினுடையதைப் போன்றும் இருந்தன. இரண்டும் ஒரே உயிருக்கு உரியவை என்பதே அவர்கள் கூற்று.

மனித வளர்ச்சியில் மூளையே முதலில் பெருத்தது என்று அக்காலத்து அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். அவர்கள் எதிர்பார்த்ததே கையில் கிடைத்தது. தாடை மண்டையோட்டுடன் பொருந்தும் மூட்டுப் பகுதி மட்டும் உடைந்து போயிருந்தது. இரண்டும் பொருந்துமா என்று காட்டக்கூடிய இடம் அதுவே!

ஐயம் எழாமல் இல்லை. 1913இல் டேவிட் வாட்டர்ஸ்டன் என்ற உடற்கூற்று அறிஞர், தாடை குரங்கினுடையது, மண்டையோடு மனிதனுடையது என்று எழுதினார். 1915இல் அமெரிக்கரான கெரிட் மில்லர், தாடை ஒரு சிம்பன்சியினுடையது என்றார். எனினும் 1913இல் எதிர்பார்த்த வடிவிலேயே ஒரு கோரைப்பல் கிடைத்தது. வேறோர் இடத்திலும் அதே வகை எலும்புகள் கிடைத்தன என்று 1917இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஐயுற்றோர் பலர் அமைதியாயினர்.

பூட்டியதன் விளைவு

மூல எலும்புகள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைக்கப்பட்டன. கிடைத்தற்கரிய பொருளைக் காப்பது குற்றமன்று. ஆயினும், ஆராய வந்தோர் பலருக்கு வார்ப்புகளே கொடுக்கப்பட்டன. மில்லர் ஆராய்ந்தவையும் வார்ப்புகளே. பிற்காலத்தில் புகழ்பெற்ற லூயி லீக்கிக்கும் மூலத்தைச் சிறிது நேரம் காணும் வாய்ப்பே கிட்டியது.

வார்ப்பு வடிவத்தைக் காட்டும். எலும்பின் உள் நிறத்தையோ, அதில் ஏறிய சாயத்தையோ, பல்லில் பட்ட அரத்தின் நுண்ணிய கீறலையோ அது காட்டாது. பொய்யைப் பொய்யென்று காட்டும் அடையாளங்கள் யாவும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ஏமாற்றியவன் பூட்டவில்லை, நல்லெண்ணம் உடையோர் பூட்டினர். ஆயினும் அப்பூட்டு ஏமாற்றியவனுக்கே காவலாயிற்று.

மெய்க்கு நேர்ந்த இழப்பு

1924இல் தென்னாப்பிரிக்காவின் டவுங் என்னுமிடத்தில் ஒரு குழந்தையின் மண்டையோடு கிடைத்தது. ரேமண்ட் டார்ட் என்பவர் அதனை ஆராய்ந்து 1925இல் வெளியிட்டார். மூளை சிறிது, பற்கள் மனிதப் பற்களை ஒத்தவை. இது பில்ட்டவுனுக்கு நேர்மாறு. பொய்ச் சான்றை உரைகல்லாகக் கொண்டோர் மெய்ச் சான்றை ஏற்கத் தயங்கினர். இளம் உயிரின் மண்டையோடு என்பதும் தயக்கத்திற்கு ஒரு காரணம். பெரும் அறிஞரான ஆர்தர் கீத், டார்ட் கூறியதே சரியென்று 1947இல்தான் ஒப்புக்கொண்டார். போலிச் சான்றின் தீமை இதுவே: அது தான் இருக்கும் இடத்தோடு நில்லாது, உண்மை வந்து அமர வேண்டிய இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

பெட்டி திறந்தது

புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலுள்ள புளோரினைச் சிறுகச் சிறுக ஏற்கும். இதனைக் கொண்டு 1949இல் கென்னத் ஓக்லி சோதித்தபோது, அவ்வெலும்புகள் சொல்லப்பட்ட அளவு பழமையானவை அல்ல என்று தெரிந்தது. அப்போதும் மோசடி என்று எவரும் கருதவில்லை. 1953இல் ஜோசப் வைனர் அவ்வாறு கருதிப் பார்க்கத் துணிந்தார். லெ கிராஸ் கிளார்க், ஓக்லி ஆகியோருடன் சேர்ந்து மூலங்களையே ஆராய்ந்தார். பற்கள் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தன, எலும்புகள் சாயமேற்றப்பட்டிருந்தன, தாடை அண்மைக் காலத்துக் குரங்கு ஒன்றனுடையது. 2016இல் வெளிவந்த ஆய்வு, தாடை ஒராங்குட்டானுடையது என மரபணு கொண்டு உறுதிசெய்து, ஒருவரே, பெரும்பாலும் டாசனே, இதனைச் செய்திருக்கக்கூடும் எனக் காட்டியது.

டாசன் 1916இல் மறைந்தார். அதன்பின் அக்குழி ஒன்றும் தரவில்லை. ஆயினும் ஸ்மித் உட்வர்ட் ஓய்வுபெற்ற பின்னரும் அவ்விடத்தை விடாது தேடினார். 1944இல் அவர் இறந்தபின் 1948இல் வெளியான அவரது நூலும் பில்ட்டவுனைப் பற்றியதே. நண்பரை ஐயுறுவது அவமதிப்பு என்று அவர் எண்ணியிருக்கலாம். அன்றே ஒருவர் நுண்பெருக்கிக் கண்ணாடியால் அப்பற்களைப் பார்த்திருந்தால், அவருடைய உழைப்பு வீணாகியிராது.

நாம் கொள்ள வேண்டியது

மறைவு எல்லாம் தீதன்று. நோயாளியின் பெயரை மறைப்பதும், திருடர் வராதபடி அகழ்விடத்தை மறைப்பதும் கடமையே. அவை மனிதரையும் பொருளையும் காப்பவை. தம் கூற்றைச் சோதனையிலிருந்து காக்கும் மறைவே தீது. சான்றைக் காட்டுங்கள் என்று கேட்பது பகையன்று, காட்டுவது தாழ்வுமன்று. செய்முறைத் தேர்வில் விடைக்கேற்ப அளவை மாற்றி எழுதும் மாணவனும் சிறிய அளவில் அரத்தையே கையில் எடுக்கின்றான். தவறிய அளவையும் தேதியிட்டு அப்படியே எழுதி வைக்கப் பிள்ளைகளைப் பழக்குவோமாக.

சிந்திக்க:
1. வார்ப்பு காட்டாதவை யாவை?
2. 1949இல் உண்மை பாதி தெரிந்தும் மோசடி வெளிப்படாதது ஏன்?
3. காக்கும் மறைவு, ஒளிக்கும் மறைவு: நும் வாழ்விலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.