லைன் என்றால் கோடு மட்டுமா?

கேள்வி: என் மகள் உயர்தரம் எழுதிவிட்டு, ஒரு பயிற்சி நெறிக்கு ஃபோனில் விண்ணப்பம் நிரப்பினாள். அதில் 'அட்ரஸ் லைன் 1', 'அட்ரஸ் லைன் 2' என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. தோட்டத்தில் நாங்கள் இருக்கும் வரிசை வீடான லயத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, முதல் பெட்டியில் 'பத்துக் காம்பரா லயம்' என்று மட்டும் எழுதிவிட்டாள். கூடப் படித்த பிள்ளைகள் சிரித்தார்கள் என்று வந்து அழுதாள். லைன் என்றால் கோடு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். ரயில் லைன், கரண்ட் லைன், ஜாக்கெட்டுக்குத் தைக்கிற லைனிங், நாங்கள் குடியிருக்கிற லயம் எல்லாம் ஒரே சொல்லா? லயம் என்பது குதிரை லாயத்திலிருந்து வந்தது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியா?
– ஒரு தாய், தெல்தோட்டை

பதில்: அம்மா, அழ வேண்டாம் என்று முதலில் மகளிடம் சொல்லுங்கள். அந்தப் பெட்டி கேட்டது முகவரியின் முதல் வரியை. அவள் கொடுத்தது முகவரியின் முதல் துண்டைத்தான். சிரித்த பிள்ளைகளுக்கு ஒரு லைன் தெரிந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு இரண்டு தெரிந்திருக்கிறது.

லைன் என்றால் கோடு என்று ஒரே சொல்லில் படிப்பித்ததுதான் சிக்கலுக்குக் காரணம். இந்தச் சொல்லின் அடியில் இருப்பது கோடு அல்ல, நூல். ஆளிவிதை தரும் செடிக்கு லத்தீனில் லீனும் என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் லீனியா. லினன் துணியும் அந்த நாரில் நெய்ததுதான். சுவர் எழுப்புகிற மேசன் இரண்டு முளை அடித்து நடுவே நூலை இழுத்துக் கட்டுவாரே, அதை மகளுக்குக் காட்டுங்கள். அந்த நூல் தரையில் விட்டுப்போகும் தடம் கோடு. நூல் பிடித்து அடுக்கிய கற்கள் வரிசை. தாளில் அப்படி அடுக்கிய எழுத்துகள் வரி. நாடகக்காரர் மனப்பாடம் செய்யும் வரிகள் வசனம். துணி காயப்போடும் கொடியும் தூண்டில் நரம்பும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் லைன்தான். அங்கே பழைய நூல் அப்படியே இருக்கிறது. கரண்ட் லைனும் டெலிபோன் லைனும் கம்பியாக மாறிய நூல்கள். லைனிங் மட்டும் வேறு கிளை. உடுப்பின் உட்புறத்தில் லினன் துணியை வைத்துத் தைத்ததால் வந்த பெயர் அது. அதைக் கோடு என்று மொழிபெயர்த்தால் தையற்காரருக்கே விளங்காது.

ரயிலில் லைன் என்றால் தண்டவாளமும் ஆகும், போகும் பாதையும் ஆகும். கண்டியிலிருந்து ரயில் ஏறுகிறவர்கள் பேராதனைச் சந்தியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கொழும்பிலிருந்து வருகிற மெயின் லைன் அங்கிருந்து கம்பளை, நாவலப்பிட்டி என்று மேலே ஏறி, 1924-இல் பதுளையைத் தொட்டது. கண்டி மெயின் லைனில் இல்லை. 1867-இல் கண்டிக்கு வந்த பாதை 1880-இல் மாத்தளை வரை நீண்டது. மாத்தளை லைன் என்பது அதைத்தான்.

உங்கள் மகளின் விண்ணப்பத்துக்கும் ஒரு டெட்லைன் இருந்திருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உள்ளே ஓர் எல்லை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுட்டுவிடலாம். அந்த எல்லைக்குத்தான் டெட்லைன் என்று பெயர். கடைசித் தேதி என்ற பொருள் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இனி லயம். குதிரை லாயத்திலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வதில் வலி இருக்கிறது. அந்த வலி நியாயமானது. மனிதர் குடியிருக்கத் தக்கதாகவா கட்டினார்கள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. ஆனால் சொல் வந்த வழி வேறு. ஆங்கிலேயரின் படைகள் இந்தியாவில் தங்கிய இடங்களில் சிப்பாய்களின் குடியிருப்பை வரிசையாகக் கட்டி, அவற்றை லைன்ஸ் என்றார்கள். போலீஸ் லைன் என்ற பெயர் அங்கே இன்றும் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாடகைக்கு விடும் வீட்டை லைன் வீடு என்பார்கள். மலேசியத் தோட்டத் தமிழரிடமும் லயம் உண்டு. கண்டி மலைகளில் கோப்பி பயிரிட்ட தொடக்ககாலத் துரைமாரில் படைக்காரர் பலர். பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் கோப்பித் தோட்டம் போட்ட ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், வாட்டர்லூ போரில் நின்றவர். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களமும் பரேட் என்ற படைச் சொல்லின் வழி வந்ததுதான். லைனும் பெரட்டும் ஒரே மூட்டையில் வந்து இறங்கின.

லைன் எப்படி லயம் ஆனது என்பது நம் வாயின் வேலை. முதலில் லயன் என்றோம். அப்படி இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. அஃறிணைப் பெயரின் கடைசியில் மகரமும் னகரமும் இடம் மாறி வருவதை நம் இலக்கணம் கடைப்போலி என்கிறது: அறம், அறன், நிலம், நிலன். லயன், லயம் என்று மாறியதும் இந்தத் தடத்தில்தான். மகரம் வந்ததும் அது முழுத் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. மரத்துக்கு, குளத்துக்கு என்பது போல லயத்துக்கு என்கிறோம். கூடவே அறைக்குப் போர்த்துக்கீசரின் காம்பராவும் முன் திண்ணைக்கு டச்சுக்காரரின் இஸ்தோப்பும் சேர்ந்துகொண்டன.

கோப்பிக் காலத்தில் ஆட்கள் பறிப்பு முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். உங்கள் தெல்தோட்டைக்குப் பக்கத்தில், லூல்கந்துரையில், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்ததும் கண்டிக்கு ரயில் வந்த அதே 1867-இல்தான். தேயிலை பரவிய பிறகு, தங்கிப்போக என்று கட்டிய லயமே பிள்ளை பெற்று வளர்க்கும் வீடாயிற்று. பெயர் மட்டும் வீடு என்று மாறவில்லை. கட்டியவனின் கணக்கில் அது ஒரு வரிசை. உள்ளே இருப்பவரின் கணக்கில் எட்டுக் காம்பரா, பத்துக் காம்பரா.

என் மனதை விட்டு அகலாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். லைன் என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் உங்கள் தோட்டத்திலேயே, தினமும் நாவில் இருக்கிறது. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மலையில் ஆளுக்கு ஒரு நெரை பிடிக்கிறார்கள். நிரை என்ற பழைய சொல்தான் அது. கை வேலை செய்த வரிசைக்கு நம் சொல்லே பெயராக நின்றது. படுத்துறங்கிய வரிசைக்குத் துரையின் சொல் வந்தது. அங்கே எப்படி அடுக்குவது, எத்தனை அடிக்கு ஒரு சுவர் என்பதை நம்மவர் யாரும் தீர்மானிக்கவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது சொந்தக் காணியில் தனி வீடு கட்டிக்கொடுக்கும் வேலை பல தோட்டங்களில் நடந்திருக்கிறது. அது உங்கள் பக்கத்துக்கு வரும்வரை விண்ணப்பங்களை இப்படி நிரப்பச் சொல்லுங்கள். முதல் வரியில் காம்பரா இலக்கமும் லயத்தின் பெயரும். இரண்டாம் வரியில் டிவிசனும் தோட்டமும். ஊர் கேட்கும் பெட்டியில் தெல்தோட்டை. தோட்டப் பெயரை மட்டும் எழுதினால் கடிதம் ஆபிஸில் கிடந்துவிடும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கடிதம் கைக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது மேட்டு லயத்தை 'அப்பர் லைன்' என்று மாற்ற வேண்டாம். ஆங்கில எழுத்திலும் மேட்டு லயம் என்றே இருக்கட்டும். கடிதம் கொண்டுவருகிறவர் வழி கேட்டால், அந்தப் பெயரைச் சொல்லித்தானே யாரும் கை காட்டுவார்கள்.