மூன்று தொட்டில்... மூன்று பெயர்!

‘‘யார் பேருக்கு அர்ச்சனை?’’

தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள் வழக்கம் போலத்தான் கேட்டார். ‘‘கார்த்திகை நட்சத்திரம், மேஷ ராசி சாமி. மூணு குழந்தைங்க’’ என்றார் பாட்டி.

‘‘சரி, பேர் சொல்லுங்கோ.’’

பாட்டிக்குப் பேச்சே எழவில்லை. கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்றிருந்த எனக்கு விஷயம் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் அவர். மகளுக்கு ஏற்கெனவே ஏழு வயதில் அபிராமி, நான்கு வயதில் அமுதன். இப்போது ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள்! குறைமாதத்தில் பிறந்ததால் மூன்றும் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள். பெட்டியில் ஒட்டிய சீட்டில் ‘பேபி 1, பேபி 2, பேபி 3’ என்றுதான் இருக்கும். அதில் மூன்றாவது ரொம்பவே சின்னது. ‘அது தேறி வரட்டும், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

குருக்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு நட்சத்திரத்தை மட்டும் சொல்லி அர்ச்சனை செய்து கொடுத்தார். ஆனால், வீடு திரும்பிய பாட்டி, ‘‘சாமிகிட்ட சொல்லக்கூட அந்தப் பச்சை மண்ணுக்கு ஒரு பேர் இல்லையே’’ என்று அழ, அன்றைக்கே பெயர்ப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அங்கே எழுந்த சந்தேகங்கள் உங்கள் வீட்டிலும் எழலாம். மூன்று என்ன, இரட்டைக் குழந்தைகள் பிறந்த வீட்டிலும் இதே குழப்பம்தானே!

முதல் குழப்பம், நாள் கடந்துவிட்டதே என்பது. தீட்டு கழிந்து 11-ஆம் நாள் புண்ணியாகவாசனம் செய்து நாமகரணம் செய்வதுதான் பலர் வீட்டு வழக்கம். தட்டில் பச்சரிசியைப் பரப்பி, அதில் பெயரை எழுதி, குழந்தையின் வலது காதில் மூன்று முறை சொல்வார்கள். அந்த நாள் தவறினால், பிறகு நல்ல நாள் பார்த்துச் செய்யலாம் என்றார் வாத்தியார். ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தையை, பெயரைத் தேர்ந்தெடுத்து அழைக்கத் தொடங்குவதற்குத் தடையே இல்லை. சடங்கைக் குழந்தைகள் வீட்டுக்கு வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நட்சத்திர எழுத்து. இங்கேதான் தாத்தா சிக்கிக்கொண்டார்! ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதங்கள், பாதத்துக்கு ஓர் எழுத்து என்பது உங்களுக்குத் தெரியும். சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். சில நிமிட இடைவெளியில் பிறந்த மூன்று குழந்தைகளுக்கும் பெரும்பாலும் ஒரே நட்சத்திரம், ஒரே பாதம், ஒரே எழுத்துதான் வரும். (பாதம் மாறும் வேளையில் பிறந்திருந்தால் மட்டும் வித்தியாசம் வரும். அதனால், ஒவ்வொரு குழந்தை பிறந்த நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.) இவர்களுக்குக் கார்த்திகை முதல் பாதம். எழுத்து ‘அ’. தாத்தா உற்சாகமாக அகிலா, அருண், அனுஷா என்று பட்டியல் போட்டார். ஏற்கெனவே அபிராமி, அமுதன். ‘‘அஞ்சு ‘அ’ சேர்ந்தா எவ்வளவு அழகு!’’ என்றார்.

காகிதத்தில் அழகுதான். அடுப்படியில் நின்று ‘‘அ...’’ என்று நீங்கள் கூப்பிட ஆரம்பித்ததுமே ஐந்து தலைகள் திரும்புமே!

இலக்கணத்தில் மோனை, இயைபு என்று படித்திருப்பீர்கள். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, கடைசியில் ஒன்றி வந்தால் இயைபு. செய்யுளுக்கு இரண்டுமே அழகு. ஆனால், ஒரே வீட்டில் கூப்பிடும் பெயர்களுக்கு மோனையை விட இயைபே நல்லது என்பேன். ரமா, ரம்யா, ரஞ்சனி என்றால் குழப்பம். ரமேஷ், சுரேஷ் என்றால் குழப்பமில்லை. முதல் எழுத்திலேயே யாரென்று காது கண்டுகொள்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்த நாளில் ஒரே நாளில் தரிசிக்கிறோமே மூன்று அம்மன்கள்... மேலூரில் திருவுடை அம்மன், திருவொற்றியூரில் வடிவுடை அம்மன், வடதிருமுல்லைவாயிலில் கொடியிடை அம்மன். முடிவு மட்டும் ஒத்துப்போகிறது. திரு, வடிவு, கொடி என்று தொடக்கம் ஒவ்வொருவருக்கும் தனி. இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று வழிபடுகிறோம். சகோதரிகளுக்குப் பெயர் வைப்பதென்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

பெயர் அருகருகே இருந்தால் வரும் சங்கடம் வீட்டோடு நிற்பதில்லை. மூன்று பேருக்கும் ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதி, ஒரே விலாசம். அனுஷா, அனுஷ்கா என்று பெயரிலும் ஓரெழுத்துதான் வித்தியாசம் என்றால், ஆதார் முதல் பள்ளிச் சான்றிதழ் வரை ஒருத்தியுடையது இன்னொருத்தி பெயரில் ஏற எவ்வளவு நேரமாகும்? தூக்கக் கலக்கத்தில் சொட்டு மருந்து கொடுக்கும் தாயை நினைத்துப் பாருங்கள். கொடுத்த குழந்தைக்கே மறுபடி கொடுத்துவிட்டால்..? ‘பேருதானே’ என்று விட முடியாது, தோழிகளே!

சரி, எழுத்தை என்ன செய்வது? ஜோதிடர் ஒரு வழி சொன்னார். பாதத்துக்குரிய எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. அந்த நட்சத்திரத்தின் நான்கு எழுத்துகளில் எதிலும் வைக்கலாம். நட்சத்திரம் மாறிவிடாது. (திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ‘ங’ என்று பஞ்சாங்கத்தில் இருக்கும். தமிழில் அந்த எழுத்தில் பெயருக்கு எங்கே போவது? அவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.) கார்த்திகைக்கு எழுத்துகள் அ, இ, உ, எ. ‘‘அ-வை மூத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் மூணு எழுத்து, மூணு குழந்தை. அம்பாள் கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கா’’ என்றார் ஜோதிடர். தாத்தாவும் சமாதானமானார்.

எழுத்து கிடைத்துவிட்டது. பெயர்? மூன்று என்றதும் மும்மூர்த்தி, முப்பெரும் தேவியர், முக்கனி என்று தேடுவோம். அதில் ஒரு சங்கடம் உண்டு. சின்னவர்கள் மூவரும் ஒரே கட்டாகிவிடுவார்கள். மூத்தவர்கள் வெளியே நிற்பார்கள். பாருங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ‘மூணு குழந்தையாமே’ என்று அதையேதான் கேட்பார்கள். ஏழு வயதுப் பெண் அதைக் கேட்டுக்கொண்டு கதவோரம் நிற்பாள். அபிராமி அப்படித்தான் நின்றிருந்தாள்.

ராமாயணத்தில் தசரதர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாயசத்தை இரண்டு முறை பெற்ற சுமித்திரைக்கு இரட்டைக் குழந்தைகள். பதினோரு நாள் கழிந்ததும் வசிஷ்டர் பெயர் வைத்தார். இரட்டையர் என்பதற்காக ஒரே மாதிரிப் பெயரா வைத்தார்? நற்குறிகள் உடையவன் லட்சுமணன், பகைவரை அழிப்பவன் சத்ருக்னன் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர். வளர்ந்ததும் என்ன ஆயிற்று? இரட்டையர் இருவரும் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிவைக்கவில்லை. லட்சுமணன் ராமனோடு, சத்ருக்னன் பரதனோடு என்று ஆளுக்கொரு அண்ணனின் நிழலாகவே இருந்தார்கள். கூடப் பிறந்தவனை விட, முன்னே பிறந்த அண்ணனிடம்தான் அவ்வளவு பாசம்!

அதனால், சின்னவர்களின் பெயருக்கு நூலை மூத்தவர்களின் பெயரிலிருந்து எடுங்கள் என்பேன். இந்த வீட்டில் நூல் திருக்கடையூரில் இருந்தது. பாட்டி - தாத்தா சஷ்டியப்தபூர்த்தி நடந்த தலம் அது. அமிர்தகடேஸ்வரர் பெயரால் அமுதன். அம்பாள் பெயரால் அபிராமி. மார்க்கண்டேயனுக்காக ஈசன் யமனையே உதைத்த இடம் வேறு!

முதல் பெண்ணுக்கு உமா. அபிராமிக்கு இன்னொரு பெயர்தானே அது! அடுத்தவன் பையன். ‘அபிராமி’ என்றால் அழகே உருவானவள் என்று பொருள். அதையே தமிழில் சொல்லி எழிலன் என்றார்கள். அக்காவின் பெயரில் பொருள், அண்ணன் அமுதனின் பெயரில் முடிவு... இரண்டும் அவனுக்குக் கிடைத்துவிட்டன.

மூன்றாவது பெயரை அபிராமிதான் சொன்னாள். தை அமாவாசை இரவில் அம்பாள் தன் தாடங்கத்தை வானில் எறிய, அது முழு நிலவாகப் பிரகாசித்து அபிராமி பட்டரைக் காப்பாற்றிய கதையைப் பாட்டி அவளுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. ‘‘பாப்பா இப்ப குட்டியாதானே இருக்கா? குட்டி நிலா பேரு வைங்க. அப்புறம் அவளே பெரிசாயிடுவா’’ என்றாள். அப்பா, ‘‘இளமதி’’ என்றார். எழுத்தும் ‘இ’!

மறுநாள் ஆஸ்பத்திரியில், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத் தாய்க்கு நர்ஸ் உதவியபோது, அவர் குனிந்து அந்தச் சின்னக் காதில் பெயரைச் சொன்னாராம். பெட்டியில் இருந்த ‘பேபி 3’ சீட்டுக்குக் கீழே நர்ஸும் பேனாவால் எழுதி வைத்தார். ஐந்து வாரம் கழித்து மூவரும் வீட்டுக்கு வந்தார்கள், இளமதி மட்டும் பத்து நாள் பிந்தி.

உங்கள் வீட்டிலும் பெயர் முடிவாகத் தாமதமானால் பதறாதீர்கள். பிறப்பைத்தான் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பின்னரும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க வழி உண்டு. மூன்று குழந்தைக்கும் சான்றிதழ் தனித்தனி. பெயர் மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்து வாங்குங்கள்.

நாமகரணத்தன்று எந்தக் குழந்தைக்கு முதலில் என்று வாத்தியாரிடம் கேட்டோம். பிறந்த வரிசைப்படி என்றார். உமா, எழிலன், இளமதி. மூன்று தட்டு, மூன்று பெயர். இளமதியின் தட்டில் அரிசியில் எழுத அபிராமியின் விரலைத்தான் பிடித்தார்கள். ‘ள’ மட்டும் கொஞ்சம் கோணலாக வந்தது.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் பாட்டியைப் பார்த்தேன். குருக்கள் கேட்பதற்கு முன்பே ஐந்து பெயர்களையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.