வீட்டில் பழைய அம்பாசடர் இருக்கிறதா?

2014-இல் தயாரிப்பே நின்றுபோன வண்டி. கொஞ்சம் கவனித்துக்கொண்டால் இன்னும் பல காலம் ஓடும்.

● வாரம் ஒருமுறையாவது 20 நிமிடம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே உறுமவிட்டால் பேட்டரி சரியாக சார்ஜ் ஆகாது.

● பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்பச்சோடா கலந்து தேய்த்துக் கழுவி, நன்கு காய்ந்த பின் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

● பெட்ரோல் வண்டி திக்கித் திணறினால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

● டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்கட்டும். ஃபீலர் கேஜ் கொண்டு அளக்கலாம்.

● எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். வெடிப்போ கசிவோ தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

● மழையில் ஓட்டினால் கால்மிதியைத் தூக்கித் தரையை உலர்த்துங்கள். கதவின் அடியிலுள்ள சிறு துளைகளில் சேறு அடைத்தால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

● பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்ட் கொடுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.