உறைந்து நிற்கும் பைல் ஜன்னல்: காரணமும் பரிகாரமும்

முன்பெல்லாம் நம் கடைகளில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் சிட்டையும் பேரேடும் இருந்தன. இன்று அந்த இடத்தில் மடிக்கணினி இருக்கிறது. சரக்கு வந்த ரசீது, கடன் நிலுவை, சம்பளப் பட்டியல் யாவும் அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றன. பேரேட்டைப் புரட்டக் கை ஒன்றே போதும். மடிக்கணினியிலுள்ள கணக்கை எடுப்பதற்கோ பைல் எக்ஸ்ப்ளோரர் என்னும் ஜன்னல் திறந்தாக வேண்டும். அது அசையாமல் உறைந்துவிட்டால், வாடிக்கையாளர் எதிரே காத்திருக்க, கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதாகிறது.

அவ்வேளையில் பலரும் செய்யும் காரியங்கள் இரண்டு. ஒன்று, மின்விசையை அழுத்திப் பிடித்து இயந்திரத்தை அணைத்துவிடுவது. மற்றொன்று, பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுங்கள்” என்பது. முதலாவதில் சேமிக்காத கணக்கு போய்விடும். இரண்டாவதில் சேமித்து வைத்த கணக்கும் போய்விடக்கூடும். வருமான வரிக்குரிய கணக்குகளை மலேசியாவில் 7 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் வியாபாரிகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமென்பது சட்டம். ஆகையால் இவ்விஷயத்தில் அவசரம் ஆகாது.

ஜன்னல் உறைவது ஏன்?

இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை தீர்ந்தது. 1995-ஆம் ஆண்டு விண்டோஸ் 95-உடன் வந்த எக்ஸ்ப்ளோரர், ஒரு கணக்குப்பிள்ளையைப் போன்றது. நாம் ஒரு போல்டரைத் திறந்ததும் அது பலரிடம் சென்று விவரம் கேட்கிறது. ஹார்டு டிஸ்கிடம் கேட்கிறது. கம்பியாலோ வைபையாலோ இணைந்துள்ள மற்றக் கணினியிடம் கேட்கிறது. வேறு கம்பெனிகள் தந்த சிறு புரோகிராம்களிடமும் கேட்கிறது. இவர்களுள் ஒருவர் பதில் சொல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார். எனவே உறைந்த ஜன்னல் பெரும்பாலும் கெட்டுப்போன ஜன்னல் அன்று; பதிலுக்குக் காத்திருக்கும் ஜன்னல். யாருடைய பதிலுக்கு என்று கண்டுபிடிப்பதே நாம் செய்ய வேண்டிய வேலை.

உடனே செய்ய வேண்டியது

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துக. டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதிலுள்ள பட்டியலில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்பதைத் தேர்ந்து ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். திரையின் அடிப்பட்டை மறைந்து, சில விநாடிகளில் திரும்பி வரும். அடிப்பட்டையும் எக்ஸ்ப்ளோரரின் பொறுப்பே என்பதால் இவ்வாறு நிகழ்கிறது, அஞ்ச வேண்டியதில்லை. திறந்திருக்கும் எக்ஸெல் கணக்கு அப்படியே இருக்கும். பைல்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தால் அது மட்டும் பாதியில் நின்றுவிடும்.

ஜன்னல் உயிர் பெற்றதும், வேறெதையும் தொடுமுன் கணக்குப் பைல்கள் அனைத்தையும் ஒரு வெளி டிஸ்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுக. அதன் பிறகே ஆராய்ச்சி.

காரணத்தைத் தேடும் வரிசை

முதலாவது, தொலைவிலுள்ள போல்டர். கிட்டங்கியிலுள்ள கணினியின் போல்டரைக் கடைக் கணினியில் ஒரு டிரைவ்போல இணைத்து வைத்திருப்போம். கிட்டங்கிக் கணினி அணைந்து கிடந்தாலும் கடைக் கணினி அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இதைச் சோதிப்பது எளிது. வைபையை நிறுத்தி, கம்பியையும் கழற்றிப் பாருங்கள். ஜன்னல் சுறுசுறுப்பாகத் திறந்தால் குறை அங்கேதான். ‘திஸ் பிசி’யில் அந்த டிரைவின்மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி ‘டிஸ்கனெக்ட்’ கொடுக்கலாம். இணைப்பு மட்டுமே அறும். கிட்டங்கியிலுள்ள பைல்கள் அழியா.

இரண்டாவது, அண்மையில் திறந்த பைல்களின் பட்டியல். ஜன்னல் திறந்தவுடன் இப்பட்டியல் தயாராகிறது. கழற்றிவிட்ட பென் டிரைவிலும் தொலைவுப் போல்டரிலும் இருந்த பைல்கள் அதில் இடம்பெற்றிருந்தால் தாமதம் நேரலாம். எக்ஸ்ப்ளோரரின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘கிளியர்’ பொத்தானை அழுத்தினால் பட்டியல் மட்டும் துடைக்கப்படும். அதே இடத்தில், ஜன்னல் ‘திஸ் பிசி’யில் திறக்கும்படியும் மாற்றி வைக்கலாம்.

மூன்றாவது, முன்தோற்றம். சரக்குகளின் படங்களும் வீடியோக்களும் நூற்றுக்கணக்கில் ஒரே போல்டரில் குவிந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் சிறு படம் தயாரிக்க வேண்டியுள்ளது. அவற்றுள் ஒரு பைல் பழுதாக இருந்தாலும் ஜன்னல் அங்கே சிக்கிக்கொள்ளலாம். ஆல்ட் விசையுடன் பி எழுத்தை அழுத்தினால் பக்கத்திலுள்ள முன்தோற்றப் பகுதி மூடும். ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில், படத்துக்குப் பதிலாக ஐகானை மட்டும் காட்டும்படியும் செய்யலாம்.

நான்காவது, பிறர் புரோகிராம்கள். மவுஸின் வலப்பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஜன்னல் உறைந்தால் சந்தேகம் இவற்றின் மீதே விழ வேண்டும். பைல்களைச் சுருக்கும் புரோகிராம், இணையச் சேமிப்பு, வைரஸ் தடுப்பு முதலியவை எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே வந்து உட்காருபவை. உறைதல் தொடங்குவதற்குச் சற்று முன் புதிதாகச் சேர்த்தது எதுவோ அதை முதலில் நீக்கிப் பார்க்க வேண்டும். ‘சேஃப் மோட்’ என்னும் முறையில் கணினியைத் தொடங்கினால் இவற்றுள் பெரும்பாலானவை விலகி நிற்கும்; அப்போது ஜன்னல் ஒழுங்காக இயங்கினால் நம் சந்தேகம் வலுப்படும். சில கணினிகள் அவ்வேளை பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

ஐந்தாவது, டிஸ்க். வேலை ஒன்றும் நடவாதபோதும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்கின் அளவு நெடுநேரம் 100 சதவிகிதத்தில் நின்றாலும், பழைய சுழலும் டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் கேட்டாலும், அது நலிந்துவருவதாக ஐயுற வேண்டும். அப்போது சோதனைகளை நிறுத்திவிட்டு, நகல் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்து, டிஸ்கை மாற்றுவதே விவேகம். நலிந்த டிஸ்கில் பழுது நீக்கும் புரோகிராமை ஓட்டுவது நோயாளியை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஒரு விதி

ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்க. செய்ததை நாள், நேரத்துடன் ஒரு காகிதத்தில் குறித்து வைக்க வேண்டும். ஐந்தையும் ஒரே மூச்சில் மாற்றினால் ஜன்னல் சரியாகலாம். ஆனால் காரணம் எதுவென்று தெரியாது, அடுத்த மாதம் அதே தொல்லை திரும்பி வரும். கல்லாவில் பணம் குறைந்தால் எல்லாச் சிப்பந்திகளையும் ஒரே நாளில் விலக்கிவிடுகிறோமா? ஒவ்வொரு ரசீதாகத்தானே ஒத்துப் பார்க்கிறோம்!

இவ்வளவு செய்தும் தீராவிட்டால் பழுது பார்ப்பவரை நாடலாம். எழுதி வைத்த குறிப்பைக் கையில் கொடுத்தால் அவருக்கு நேரம் மிஞ்சும். நமக்குக் கூலி மிஞ்சும். நகல் எடுத்த டிஸ்கை வேறொரு கணினியில் செருகிக் கணக்குகள் திறக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே, அழிப்பதற்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.