தீக்குச்சி கடைசியில, கண்ணு!

மார்கழி பொறந்தா ஏற்காட்டுக்கு வண்டியேறின காலம் போய், இப்ப நம்ம செவ்வாய்ப்பேட்டைப் பசங்க மணாலி, கேதார்கந்தான்னு பனியைத் தேடிக் கிளம்புறாங்க. நல்லா போய்ட்டு வாங்க. ஆனா, “அங்க கேம்ப்ஃபயர் போடப் போறோம்க்கா”ன்னு நீங்க சொல்றப்பதான் எனக்குப் பகீர்ங்குது. லீ பஜார் ஓரத்துல விடியக்காலம் அட்டைப்பெட்டியைக் கொளுத்திக் குளிர்காயறதும் பனிமேல தீ மூட்டறதும் ஒண்ணில்ல. இங்க குச்சியை உரசிட்டு அப்புறம் விறகு தேடலாம். அங்க எல்லா வேலையும் முடிஞ்ச பிறகுதான் தீப்பெட்டியையே வெளிய எடுக்கணும்.

அதுக்கும் முன்னால, அங்க தீ மூட்ட அனுமதி இருக்கான்னு கேளுங்க. கேதார்கந்தா 12,500 அடி உயரம். கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு. அங்க நினைச்ச இடத்துல விறகு பொறுக்கிக் கொளுத்த முடியாது. உத்தராகண்டுல ‘புக்யால்’னு சொல்ற மலைப் புல்வெளியில ராத்திரி தங்கறதுக்கே 2018ல ஹைகோர்ட் தடை போட்டிருக்கு. அடிவாரத்துல சாங்க்ரி மாதிரி ஊர்ல வீட்டுக்காரங்க முற்றத்துல, அவங்க விறகுல, அவங்க சம்மதத்தோட மூட்டறதுதான் நமக்கு லாயக்கு. நம்ம சேர்வராயன் மலையோ கொல்லிமலையோ ஆனாலும் காப்புக்காட்டுக்குள்ள நெருப்பு கூடவே கூடாது. 2018 மார்ச்ல குரங்கணியில மலையேறப் போனவங்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. அதை மறந்துடாதீங்க.

சரி, அனுமதி கிடைச்சாச்சு. மொதல்ல அண்ணாந்து பாருங்க. தலைக்கு மேல பனி சுமந்த கிளை இருந்தா அந்த இடம் வேண்டாம். சூடு ஏற ஏறக் கிளைப்பனி இளகி, மொத்தமா தீமேல விழுந்து அணைச்சிடும். அடுத்தது தரை. பனிமேலயே விறகை அடுக்கினா அடியில பனி உருகித் தீ உள்ள இறங்கும், அஞ்சு பத்து நிமிஷத்துல சொதசொதன்னு நின்னுடும். முடிஞ்சா மண் தெரியற வரைக்கும் பனியைத் தள்ளுங்க. முடியாதளவு ஆழம்னா, நல்லா மிதிச்சு இறுக்கிட்டு, மணிக்கட்டைவிடப் பருமனான கட்டைகளை நெருக்கமா பாய் மாதிரி பரப்பி, அதுமேல மூட்டுங்க. இந்த அடிக்கட்டை ஈரமா இருந்தாலும் பரவாயில்ல.

விறகு விஷயத்துலதான் நம்மாளுங்க ஏமாந்து போறாங்க. பனியில கிடக்கிற சுள்ளி பார்க்கக் காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள தண்ணி குடிச்சிருக்கும். எடுத்து ஒடிச்சுப் பாருங்க. படக்குனு சத்தத்தோட ஒடிஞ்சா காய்ஞ்சது. வளைஞ்சு நார் நாரா பிரிஞ்சா தூரப் போடுங்க. பெரிய கட்டை மேல நனைஞ்சிருந்தாலும் பிளந்தா நடு வைரம் காய்ஞ்சிருக்கும். அந்த நடுத்துண்டை எடுத்து, கத்தியால மேலிருந்து கீழா மெல்லிசா சீவுங்க. சீவலை அறுத்து எடுத்துடாம, முனையில ஒட்டிக்கிட்டுச் சுருண்டு நிக்கிற மாதிரி விடணும். சுருள் சுருளா பத்துப் பதினஞ்சு நின்னுச்சுன்னா அந்த ஒரு குச்சியே சட்டுனு பத்திக்கும். பைன் கட்டையில பிசின் ஊறின சிராய் கிடைச்சா இன்னும் விசேஷம். விறகு பிளக்கறப்ப வேர்க்க விடாதீங்க, உள்பனியன் நனைஞ்சா பின்னால அந்த ஈரமே உடம்பு சூட்டை உறிஞ்சிடும்.

பூர்ஜ மரத்துப் பட்டை எண்ணெய்ப் பசையோட அருமையா எரியும்னு யாராவது சொல்வாங்க. நிஜம்தான். ஆனா கங்கோத்ரிக்கு மேல போஜ்பாசான்னு அந்த மரத்தோட பேரையே வச்ச இடத்துல, விறகுக்கு வெட்டி வெட்டி மரம் அருகிப் போச்சு. பட்டையை உரிக்காதீங்க.

தீக்குச்சி கனம், பென்சில் கனம், கட்டைவிரல் கனம்னு மூணு குவியல் தனித்தனியா கைக்கெட்டற தூரத்துல இருக்கணும். போதும்னு தோணறதைப்போல மூணு மடங்கு சேருங்க. தீ பத்தின பிறகு சுள்ளி தேடி ஓடினா, திரும்பி வர்றதுக்குள்ள அணைஞ்சிருக்கும்.

இப்ப பத்தவைக்கலாம். கேஸ் லைட்டரை நம்பாதீங்க. அதுல இருக்கிற பியூட்டேன் சுழியம் டிகிரிக்குக் கீழ போனா ஆவியாக மாட்டேங்கும், நீங்க சொடுக்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். உள்பையில உடம்போட ஒட்டி வச்சிருந்தா வேலை செய்யும். தீப்பெட்டியை ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்திக்கங்க. என்னைக் கேட்டா, காசு கொடுத்து வாங்கற ஃபயர் ஸ்டார்ட்டரையெல்லாம் விட நம்ம கற்பூரம் உசத்தி. ஈரச் சீவல் மேல வச்சாலும் நின்னு எரியும். இங்கிருந்து மூட்டையில கட்டிக்கிட்டுப் போகாதீங்க, எளிதில் தீப்பிடிக்கிற பொருள்னு விமானத்துல விடமாட்டாங்க. ஹரித்வார்ல எந்தப் பூஜைக் கடையிலயும் கிடைக்கும்.

கற்பூரத்தைச் சுத்திச் சீவலும் தீக்குச்சி கனச் சுள்ளியும் கூம்பா சாத்துங்க. நம்ம தெரு வெள்ளிப் பட்டறையில ஆசாரி உலை மூட்டறதைப் பார்த்திருப்பீங்களே, கரியை அமுக்கி அடைக்க மாட்டார், அடியில காத்து புக வழி விட்டுத்தான் அடுக்குவார். அதே கணக்குதான். புகையா வந்தா மேல விறகைத் திணிக்காதீங்க, ஒண்ணை உருவி வழி விடுங்க. சுள்ளி சடசடன்னு எரிஞ்ச பிறகுதான் அடுத்த கனம். டீசல், பெட்ரோல் ஊத்தற வேலை ஆகாது. கார்கில் பக்கம் டீசல் உறைஞ்சா டேங்குக்கு அடியில தீ வைக்கிற லாரிக்காரங்களும் உண்டு. அந்தக் கதையெல்லாம் கேட்டுட்டு வீரம் காட்டாதீங்க.

உட்கார்றது காத்து வர்ற பக்கம். பஃபர் ஜாக்கெட்ல ஒரு பொறி பட்டாலும் ஓட்டை விழும். ஷூவைத் தீக்கிட்டக் காயவச்சா ஒட்டு விட்டுடும். குடிக்கப் பனியை உருக்கறதானா பாத்திரத்துல கொஞ்சம் தண்ணி விட்டுட்டு அதுல பனியைப் போடுங்க, வெறும் பாத்திரத்துல போட்டா அடி கருகி வாடை வரும். புதுப்பனி ஒரு பாத்திரம் உருகினா அடியில கொஞ்சந்தான் தண்ணி நிக்கும், அதனால திரும்பத் திரும்பப் போடணும்.

அணைக்கறப்ப மேல பனியைக் கொட்டிட்டுப் போயிடாதீங்க, உள்ள கங்கு உசிரோட இருக்கும். கிளறிக் கிளறித் தண்ணி தெளிங்க. புறங்கையைக் கிட்ட வச்சா சூடு தெரியக்கூடாது.

மிச்சத் தணலைச் சட்டியில அள்ளி ரூமுக்கோ டென்ட்டுக்கோ காருக்கோ மட்டும் கொண்டு போயிடாதீங்க கண்ணு. 2024 ஆகஸ்ட்ல கொடைக்கானல்ல பார்பிக்யூ அடுப்பை ரூமுக்குள்ள வச்சுட்டுத் தூங்கின ரெண்டு பசங்க எந்திரிக்கவே இல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்குதேன்னு நினைக்கறதுக்குள்ள மயக்கம் வந்துடும். குளிர் தாங்கலைன்னா ஸ்டீல் பாட்டில்ல வெந்நீர் பிடிச்சு, மூடியை நல்லா இறுக்கி, ஒரு சாக்ஸுக்குள்ள போட்டுக் கால்மாட்டுல வச்சுக்கிட்டுப் படுங்க. காலையில அதே தண்ணியில பல்லும் விளக்கிக்கலாம்.