சினமும் சான்றும்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், உழைப்பால் உயர்ந்த ஊர். இந்திய நாட்டிலிருந்து அயல்நாடுகளுக்குச் செல்லும் பின்னலாடைகளில் பாதிக்கு மேற்பட்டவை இங்கிருந்தே செல்கின்றன. நூல் துணியாகி, துணி சாயம் ஏறி, வெட்டப்பட்டுத் தைக்கப்பட்டு ஆடையாக வெளியேறும் வரை எத்தனையோ கைகள் அதனைத் தொடுகின்றன. மதுரை, தேனி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவரும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவரும் அங்கே அடுத்தடுத்த தையல் இயந்திரங்களில் அமர்ந்து வேலை செய்கின்றனர். இரவு வேலை முடித்துத் தெருவழியே வீடு திரும்புவோர் பலர். தெருவில் அச்சமின்றி நடக்க இயலுமா என்பது, இத்தகைய ஊரில் வாழ்வோடும் பிழைப்போடும் பிணைந்த கேள்வியாகும்.

ஓர் உயிர் நடுத்தெருவில் வெட்டி வீழ்த்தப்பட்டால் கண்டோர் உள்ளம் கொதிக்கின்றது. அக்கொதிப்பு இயல்பானது, வேண்டுவதும் ஆகும். கொடுமையைக் கண்டும் கலங்காத நெஞ்சம் கல்லுக்கு ஒப்பானது. ஆயினும், பொங்கி எழுந்த சினம் எவ்வழியிற் செல்லவேண்டும்? கொன்றவனை அவ்விடத்திலேயே கொல்வதுதான் நீதியோ? வழக்கும் விசாரணையும் வீண் காலக்கழிவோ? இவ்வினாக்களுக்கு விடை காணாத சமுதாயம், ஒரு கொடுமையை ஒழிக்கப் புறப்பட்டு மற்றொரு கொடுமையைச் செய்துவிடும்.

திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த உடுமலைப்பேட்டையில் 2016ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் நடந்த கொடுமையைத் தமிழகம் மறவாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பேருந்து நிலையத்திற்கு அருகே, பட்டப்பகலில், கடைத்தெருவுக்கு வந்திருந்த இளங்கணவனும் மனைவியும் அரிவாளால் தாக்கப்பட்டனர். சாதி வேற்றுமை பாராது அவர்கள் மணம் செய்துகொண்டதே அதற்குக் காரணம். பட்டியல் சாதியைச் சேர்ந்த அவ்விளைஞர் ஒரு பொறியியல் மாணவர். அவர் உயிர் துறந்தார். மனைவி படுகாயத்தோடு உயிர் தப்பினார். தாக்கியவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சென்றனர். சூழ நின்றோரில் பலர் திகைத்துச் செயலற்று நின்றனர். அக்காட்சியை அங்கிருந்த கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. அதனைக் கண்ட நாடே கொதித்தது.

அக்கொதிப்பு வீணாகவில்லை. கேமராவின் பதிவு சான்றாயிற்று. கணவனை இழந்த அப்பெண், தம் உற்றார் உறவினர் குற்றவாளிக் கூண்டில் நிற்க, அவர்களுக்கு எதிரே நின்று அஞ்சாது சாட்சி கூறினார். திருப்பூர் நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் எண்மரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்து, அவருள் அறுவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, மூவரை விடுவித்தது. மேல்முறையீட்டில், 2020ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றம் ஐவரின் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றியது. பெண்ணின் தந்தைமீது சாட்டப்பட்ட சதிக்குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி அவரை விடுதலை செய்தது. தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. இத்தீர்ப்பு பலருக்கு மனநிறைவு தரவில்லை. எனினும், மனநிறைவு இல்லாதபோது அடுத்த நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டினார்களேயன்றி, எவரும் அரிவாளைத் தேடவில்லை. நீதியின் வழி நீண்டது. சில வேளைகளில் கசப்பானது. ஆனால் அவ்வழியில் ஒருமுறை தவறு நேர்ந்தால் மறுமுறை திருத்திக்கொள்ள இடம் உண்டு.

கூட்டத்தின் கையில் தண்டனை சென்றுவிட்டால் அத்தகைய இடம் இல்லை. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி வட தமிழகத்தில் செல்பேசி வழியே பரவியது. அம்மாதம் 9ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே தம் குலதெய்வக் கோயிலுக்கு உறவினருடன் சென்றார். வழியிற் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு மிட்டாய் கொடுத்தார். அதனைக் கண்டோர் அவரைப் பிள்ளை பிடிப்பவர் என எண்ணிவிட்டனர். கூட்டம் திரண்டது. அம்மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்கள் தம்மைக் கொலைஞர் என்று கருதவில்லை. குழந்தைகளைக் காப்பவர் என்றே கருதினர். நல்ல நோக்கமும் ஆராயாத சினமும் சேர்ந்தால் எத்தகைய பாவம் விளையும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பொய்ச்செய்தி திருப்பூரையும் விட்டுவைக்கவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கிக் கொல்லப்படுகின்றனர் என்னும் செய்தி படக்காட்சிகளோடு பரவியது. வேறு காரணங்களால் வேறு மனிதர்களிடையே நிகழ்ந்த சண்டைகளின் படங்களே அவ்வாறு திரித்துக் காட்டப்பட்டன. தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்ப முற்பட்டனர். ஊரில் இருந்த பெற்றோர் கலங்கினர். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கு வந்து தொழிலாளரைக் கண்டு பேசியது. காவல் துறையினர் தொழிலாளரிடம் அவர்கள் அறிந்த மொழியிலேயே உண்மையை எடுத்துரைத்தனர். பொய்யைப் பரப்பியவர்மீது வழக்குத் தொடுத்தனர். உண்மை உரிய காலத்தில் சொல்லப்பட்டமையால் அச்சம் தணிந்தது. அன்று இரு தரப்பினரும் சினத்திற்கு இடங்கொடுத்திருப்பின், பொய்யாக எழுந்த செய்தியே மெய்யாக முடிந்திருக்கும்.

நம் பழந்தமிழ்க் காப்பியமாகிய சிலப்பதிகாரம் இவ்வுண்மையை என்றோ உணர்த்திவிட்டது. பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்ட பாண்டியன், ஆராயாது ஆணையிட்டான். குற்றமற்ற கோவலன் வெட்டுண்டான். கண்ணகியின் சினம் பொங்கியது. அச்சினத்தோடு அவள் அரசவை புகுந்தபோது, தன் கையில் ஒரு சிலம்பைச் சான்றாகக் கொண்டு சென்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் உள்ளது முத்து. கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. வழக்கில் அவள் வென்றாள். தவற்றை உணர்ந்த மன்னன் உயிர்விட்டான். அதன்பின் மூண்ட தீயோ, வழக்கோடு தொடர்பில்லாதார் வாழ்ந்த மதுரை மாநகரையும் எரித்தது. சான்றோடு நின்ற சினம் நீதியை நிலைநாட்டியது. எல்லை கடந்த சினம் ஊரை அழித்தது. இரண்டையும் ஒருங்கே காட்டியது காப்பியத்தின் பெருமை.

அங்ஙனமாயின், தெருவில் ஒரு கொடுமை நிகழும்போது நாம் செய்யத்தக்கது யாது? முதலாவது, உதவி. 112 என்னும் எண்ணுக்கோ, ஆம்புலன்சு வேண்டின் 108 என்னும் எண்ணுக்கோ உடனே பேசுதல் வேண்டும். காயமுற்றவரைப் படம் பிடித்துப் பலருக்கு அனுப்புவதைவிட, அவர் குருதி வெளியேறாமல் துணியால் அழுத்திப் பிடிப்பது நூறு மடங்கு மேலானது. இரண்டாவது, கவனம். வந்தவர் எத்தனை பேர், வண்டியின் எண் யாது, எத்திசையிற் சென்றனர் என்பவற்றை நினைவில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, சாட்சி. கண்டதைக் கண்டவாறு காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கூறுதல் வேண்டும். நமக்கேன் வம்பு என்று ஒதுங்குவோர் பலராகும்போது குற்றவாளி துணிவு பெறுகின்றான். சாட்சிகளுக்கு ஆபத்து நேராமல் காக்கும் திட்டத்தை 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடெங்கும் நடைமுறைப்படுத்துமாறு ஆணையிட்டது.

குற்றவாளியைப் பிடிப்பதற்குச் சட்டம் குடிமகனுக்கு இடங்கொடுக்கவில்லையோ எனில், கொடுத்திருக்கின்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த குற்ற நடைமுறைச் சட்டம், தன் கண்முன் கொலை முதலிய கொடுங்குற்றம் செய்பவனைக் குடிமகனே பிடிக்கலாம் என்கிறது. பிடித்தவனைத் தாமதமின்றி, ஆறு மணி நேரத்திற்குள், காவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. பிடிக்கும் உரிமை நமக்கு உண்டு. தண்டிக்கும் உரிமை நமக்கு இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள கோடுதான் நாகரிக சமுதாயத்தின் எல்லைக்கோடு.

குற்றம் நிகழ்ந்தபின் கொதிப்பது எளிது. நிகழாமற் காப்பதே அரிது. இருண்ட தெருவுக்கு விளக்குக் கேட்பதும், இரவு வேலை முடிந்து வரும் பெண்களுக்குப் பாதுகாப்பான போக்குவரத்துக் கேட்பதும், தவறான வழியிற் செல்லும் இளைஞனைத் தடுத்து ஒரு தொழிலில் சேர்ப்பதும், அயல்மொழி பேசும் அண்டை வீட்டாரோடு பழகி அவர் பெயரை அறிந்துகொள்வதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். ஒருவரை ஒருவர் அறிந்த தெருவில் பொய்ச்செய்தி வேரூன்றாது. கத்தியும் எளிதில் உயராது.

சினத்தை அடக்கி ஆளும் ஆற்றல் திருப்பூருக்குப் புதியதன்று. 1932ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் இவ்வூர்த் தெருவில் ஊர்வலமாகச் சென்ற தொண்டர்கள் காவலரின் தடியடிக்கு உள்ளாயினர். அவருள் ஒருவரான குமரன், தலையில் அடிபட்டு வீழ்ந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அநீதியைக் கண்டு அவர் உள்ளமும் கொதித்தது. ஆனால் அவர் கை எவரையும் தாக்க எழவில்லை. கொடிகாத்த குமரன் என்று அவரை நாடு போற்றுகின்றது. மாணவர்களே, அவர் கொடியைக் காத்ததுபோல நாம் சட்டத்தைக் காத்தல் வேண்டும். கொடுமையைக் கண்டால் சினம் கொள்ளுங்கள். ஆனால் உண்மை தெளியும்வரை அச்சினத்தை உங்கள் ஆட்சியிலேயே வைத்திருங்கள்.