ரிப்போர்ட்டில் முதலில் எடையைப் பாருங்கள்

சரக்கு அனுப்பியதற்கான கார்பன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசி வரிக்குத்தான் போகிறார்கள். மொத்தம் எத்தனை டன், போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, அவ்வளவுதான். அந்த மொத்தத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எடை என்று போட்டிருக்கும் கட்டத்துக்குப் போங்கள். பொம்மசந்திராவில் நான் டிஸ்பாட்ச் பார்க்கும் கம்பெனிக்கு அந்தக் கட்டத்தில் இருந்த தப்பான எண்ணால் ஒரு புது மாடல் ஆர்டரே போய்விட்டது. அந்த எண்ணைப் போட்டது நாங்கள் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சரக்கு பிளாஸ்டிக் காற்றுக் குழாய்களும் ஃபில்டர் உறைகளும். பெட்டி பெரிது, எடை கொஞ்சம். வழக்கமான லோடு ஹோசூர் ரோட்டைப் பிடித்து, அத்திப்பள்ளி தாண்டி, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைத் துறைமுகம் போய்க் கப்பலேறும். அவசரம் என்று மெயில் வந்தால் தேவனஹள்ளி விமான நிலையம். இந்தப் பக்கம் ஏற்றுமதி செய்யும் யூனிட் எல்லாம் இப்படித்தான் ஓடுகிறது, உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும்.

இந்த ரிப்போர்ட்டை ஏன் கேட்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கும் கம்பெனி தன் சொந்தப் புகையை மட்டும் கணக்குக் காட்டினால் போதாது. தனக்காகப் பிறர் விடும் புகையையும் ஸ்கோப் 3 என்ற தலைப்பில் காட்ட வேண்டும். ஜி.எச்.ஜி. புரோட்டகால் என்ற உமிழ்வுக் கணக்கு நெறிமுறை 2011-இல் அதற்கு வகுத்த 15 பிரிவுகளில் நான்காவதும் ஒன்பதாவதும் சரக்குப் போக்குவரத்துக்கு உரியவை. நம் நாட்டிலும் 2022-23 முதல் செபி முதல் 1,000 லிஸ்டட் கம்பெனிகளுக்கு பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. பெரிய கம்பெனியிடம் கேட்கும் கேள்வி, சப்ளை செய்கிற நம்மிடம் வந்து சேராமல் இருக்காது.

இதையும் சி.பி.ஏ.எம். வரியையும் போட்டுக் குழப்பாதீர்கள். எங்கள் அக்கவுண்ட்ஸில் அந்தக் குழப்பத்திலேயே நிறைய நேரம் போனது. சி.பி.ஏ.எம். என்பது இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை உற்பத்தி செய்யும்போது வெளியாகும் கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்தது. பிளாஸ்டிக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போதைய ஃபார்வர்டர் காலாண்டுக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்புவார். அழகான வண்ணப் படங்கள், மேலே பச்சை இலை. அது நேரே வாடிக்கையாளருக்கும் போகும். ஒரு காலாண்டில் வாடிக்கையாளரின் சப்ளையர் மதிப்பீட்டில் நாங்கள் சிவப்புக்கு இறங்கினோம். விமானச் சரக்கில் எங்கள் கார்பன் அளவுக்கு மீறி இருக்கிறதாம். விமானத்தில் அனுப்பச் சொன்னதே அவர்கள்தான், அது தனிக் கதை. ஆனால் அந்த எண் எனக்கு ஒட்டவே இல்லை. அவ்வளவு எடையை நாங்கள் ஏற்றியதே கிடையாது. ஏற்றியவனுக்குத் தெரியாதா?

பேக்கிங் லிஸ்ட்டையும் ஏர்வே பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். ஏர்வே பில்லில் ஒரே வரியில் இரண்டு எடை இருக்கும். ஒன்று கிராஸ் வெயிட், தராசு காட்டிய எடை. மற்றது சார்ஜபிள் வெயிட், கூலி போடுவதற்கான எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிடைக்கும். அதிலும் தராசு எடையிலும் எது கூடுதலோ, அதற்குத்தான் விமானக் கம்பெனி காசு வாங்கும். 120-க்கு 100 தளத்தில் 150 சென்டிமீட்டர் உயரம் அடுக்கிய ஒரு பேலட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 300 கிலோ. எங்கள் பெட்டிகள் அடுக்கிய அந்தப் பேலட்டைத் தராசில் வைத்தால் 120 கிலோதான் வரும். காசு 300 கிலோவுக்கு. அதில் எனக்கு வழக்கில்லை, இடத்தை அடைத்தால் இடத்துக்குக் காசு. ஆனால் கார்பன் கணக்கிலும் அந்த 300-ஐயே எடுத்து வைத்திருந்தார்கள்.

உதாரணத்துக்கு, பெங்களூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வான்வழியில் ஏறத்தாழ 7,400 கிலோமீட்டர். 120 கிலோவுக்கு 888 டன்-கிலோமீட்டர், 300 கிலோவுக்கு 2,220. இதன் மேல்தான் ஒரு டன்-கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற காரணி பெருக்கப்படுகிறது. காரணி எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் விடை இரண்டரை மடங்கு. பஞ்சு மூட்டை லாரியை நிறைக்கலாம், இஞ்சின் இழுப்பது எடையைத்தான். சரக்குப் போக்குவரத்து உமிழ்வுக்கென்று 2023-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14083 தரமும், ஆம்ஸ்டர்டாமின் ஸ்மார்ட் ஃப்ரெய்ட் சென்டர் வெளியிடும் கிளெக் வழிமுறையும் பேக்கிங்கோடு சேர்ந்த உண்மையான எடையையே எடுக்கச் சொல்கின்றன. கூலி எடையை எடுக்கக் கூடாது. ரிப்போர்ட்டின் அடியில் அந்தத் தரத்தின் பெயரைப் போட்டுக்கொண்டே அதற்கு நேர்மாறாகக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

ஃபார்வர்டர் ஆபீஸைக் கூப்பிட்டேன். “சார், இது சிஸ்டம் ஜெனரேட்டட். நாங்க எதுவும் மாத்த முடியாது” என்றார் அங்கிருந்த தம்பி. சிஸ்டத்துக்கு எந்தக் கட்டத்தை ஊட்டினீர்கள் என்றால் அதற்குப் பதில் இல்லை. எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜரோ, “உங்களுக்கு எதுக்கு சார் இது? வண்டி ஏத்துறதைப் பாருங்க, கன்சல்டன்ட் பார்த்துப்பார்” என்றார். கன்சல்டன்டும் வந்தார். கொஞ்சம் கார்பன் கிரெடிட் வாங்கி ஈடு கட்டிவிடலாம் என்று யோசனை சொன்னார். விடாத புகைக்கு நாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்? இந்த ரிப்போர்ட்டைச் சரிபார்க்கத் தகுதியான ஆள், சரக்கு தராசில் ஏறும்போது பக்கத்தில் நிற்பவர்தான். கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு 300 என்றாலும் 120 என்றாலும் ஒன்றுதான். எங்கள் முதலாளி இதைப் புரிந்துகொண்டார். பேக்கிங் லிஸ்ட், ஏர்வே பில், திருத்திய கணக்கு மூன்றையும் சேர்த்து நானே வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். அவர்கள் ஒப்புக்கொண்டு மதிப்பீட்டைத் திருத்தினார்கள். அதற்குள் புது மாடல் ஆர்டர் வேறு சப்ளையருக்குப் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. விமானத்துக்குச் சரியான இந்த வாதத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கண்டெய்னர் கப்பலில் கணக்கு பெரும்பாலும் டி.இ.யு. அடிப்படையில், அதாவது ஒரு 20 அடிப் பெட்டி பிடிக்கும் இடத்தை வைத்து நடக்கிறது. எடை மட்டும் தெரிந்தால் ஒரு டி.இ.யு.-வுக்குச் சராசரியாக 10 டன் என்று வைத்து மாற்றுவார்கள். எங்களைப் போல லேசான சரக்குக்கு அந்தச் சராசரி சலுகையாக முடியும். பெட்டி முழுக்க நம்முடையதாக இருக்க, கணக்கில் பாதிப் பெட்டிகூட வராது. பெட்டி எண்ணிக்கை கையில் இருக்கும்போது அதைத்தான் கொடுக்க வேண்டும். நமக்கு ஆதாயம் என்பதற்காகத் தப்பை விட்டுவைத்தால், விமானக் கணக்கைப் பற்றிப் பேச நமக்கு வாயே இருக்காது. நாங்கள் கொடுத்தோம், கப்பல் எண் ஏறியது, ஏறட்டும்.

மற்றவற்றில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூரக் கட்டத்தில் லாரி மீட்டர் காட்டிய கிலோமீட்டர் இருக்காது. ஐ.எஸ்.ஓ. 14083 கேட்பது போகக்கூடிய மிகக் குறுகிய வழியின் தூரம், அல்லது நேர்கோட்டுத் தூரம். சுற்றிப் போனதற்கான டீசல் காரணியில் வந்துவிடும், தூரத்தையும் கூட்டினால் இரட்டைக் கணக்கு. 2023 டிசம்பரிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது எங்கள் எண் உயர்ந்ததற்கு வாடிக்கையாளர் விளக்கம் கேட்டார். உலகத்துக்கே தெரிந்த காரணத்தை ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். 2024 முதல் கப்பல் கம்பெனி பில்லில் சேர்க்கும் ஐரோப்பிய உமிழ்வுக் கட்டணம் வேறு சங்கதி. அது காசு. அதை வைத்து நம் டன் கணக்கைப் பின்னோக்கிப் போடப் பார்க்காதீர்கள்.

டீசலைப் பற்றியும் கேளுங்கள். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது, பெட்ரோல் பங்குக்குக் கொண்டுவருவது எல்லாம் சேர்த்தால் 3 கிலோவைத் தாண்டும். ஐ.எஸ்.ஓ. முறை முழுவதையும் சேர்க்கச் சொல்கிறது. போன வருஷ ரிப்போர்ட் எரிப்பை மட்டும் எடுத்து, இந்த வருஷத்தது முழுவதையும் எடுத்திருந்தால், ஒரு வண்டிகூடக் கூடுதலாக ஓடாமலே நம் தலையில் ஏற்றம் வந்து விழும்.

லாரிப் பகுதிக்குப் பொதுச் சராசரியை ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் டிரான்ஸ்போர்ட்டர் சென்னையிலிருந்து பெரும்பாலும் ரிட்டர்ன் லோடோடு திரும்புகிறவர், டீசல் பில் வைத்திருக்கிறவர். காலியாக ஓடிய தூரமும் கணக்கில் சேர வேண்டும் என்பதால், ரிட்டர்ன் லோடு உள்ளவருக்கு இதில் நியாயமான ஆதாயம் உண்டு. “அண்ணே, டீசல் பில்லைக் கொடுங்க” என்று கேட்டேன், கொடுத்துவிட்டார். சராசரியைவிட எங்கள் எண் குறைந்தது. ஒயிட்ஃபீல்டு கண்டெய்னர் டிப்போவிலிருந்து ரயிலில் போனால் இன்னும் குறையும் என்று கன்சல்டன்ட் சொன்னார். குறையும்தான். ஆனால் பொம்மசந்திராவிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு நெரிசலில் கண்டெய்னரை ஓட்டி, கப்பலின் கட்-ஆஃபையும் பிடிப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் லாரியிலேயே இருக்கிறோம். அதற்காக யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால் ஒத்துப்பார்க்க வெளிநாட்டுக் கருவியைத் தேட வேண்டாம். பன்னேருகட்டா ரோட்டில் இருக்கும் ஐ.ஐ.எம். பெங்களூரு, போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிட டி.இ.எம்.டி. என்ற கருவியை ஐ.எஸ்.ஓ. 14083-ஐ ஒட்டி உருவாக்கியிருக்கிறது. இந்தியச் சாலை வாகனங்களுக்கான காரணிகளை 2015-லேயே இந்தியா ஜி.எச்.ஜி. புரோகிராம் வெளியிட்டது. ஐரோப்பிய லாரியின் எண்ணை வைத்து ஹோசூர் ரோட்டை அளக்கும் ரிப்போர்ட் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இதையெல்லாம் ரிப்போர்ட் வந்த பிறகு கேட்டால் சிஸ்டம் என்பார்கள். ரேட் கான்ட்ராக்ட் போடும்போதே கேளுங்கள். ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் கிராஸ் வெயிட் தனியாக, தூரம் எடுத்த விதம், காரணி எந்த வருஷத்தது, டீசல் எந்த அளவுக்குக் கணக்கிடப்பட்டது ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் வர வேண்டும், வாடிக்கையாளருக்குப் போகும் முன் டிஸ்பாட்சின் ஒப்புதல் வேண்டும் என்று நாங்கள் இப்போது எழுதி வாங்குகிறோம். பழைய ஃபார்வர்டர் இதற்குக் கையெழுத்துப் போட மறுத்தார். அவருடைய ரேட் குறைவாகத்தான் இருந்தது, ஆனாலும் மாற்றிவிட்டோம்.